காற்றடிக்கிற ஊரில் ஒரு குறும்படம்

புளியரையில் என் ஆச்சி வீட்டை வைத்து நாங்கள் எடுத்த குறும்படம் ஆறு நிமிடம் ஓடும். எடுத்தது நான், மாமா மகன், எட்டாம் வகுப்பு படிக்கிற என் தங்கச்சி, பக்கத்துத் தெரு நண்பன். ப்ளஸ் டூ முடித்த லீவில் தொடங்கினோம். யாருக்கும் முன்னனுபவம் கிடையாது. கையில் இருந்தவை இரண்டு ஆண்ட்ராய்டு போன், கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிற ஓர் அண்ணன் தந்த பழைய ட்ரைபாட், நண்பனுடைய அக்கா காலேஜில் வைத்திருந்த லேப்டாப். இப்படித் தொடங்க நினைக்கிற என் வயதுப் பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று, செய்ததைச் செய்தபடி எழுதுகிறேன். கேமராவைப் பற்றிக் குறைவாகவும் சத்தத்தைப் பற்றி நிறையவும் இருக்கும். எங்கள் உழைப்பில் பெரும்பங்கு சத்தத்துக்குத்தான் போனது. படத்தை உட்கார்ந்து பார்க்க முடிகிறது என்றால் அதற்கும் அதுதான் காரணம்.

ஊரைச் சொல்லாமல் இது புரியாது. செங்கோட்டையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் கடைசி ஊர் புளியரை. கொல்லம் போகிற நெடுஞ்சாலை இங்கே எஸ் வளைவில் மலை ஏறி, கோட்டைவாசல் வழியாக ஆரியங்காவுக்குப் போகும். மலைத்தொடரில் அது ஒரு கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்து நேரே எங்கள் வயல்மேல் இறங்குகிறது. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டு வருவதும் இதே காற்றுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் ஆடி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வைகாசி முடியும்போதே கொடியில் துணி நிற்காது. இந்தக் காற்றில் போன் மைக்கை நீட்டினால் பேச்சுக்குப் பதில் 'புர்ர்' என்ற இரைச்சல்தான் பதிவாகும். சோதனைக்காக மொட்டை மாடியில் எடுத்துப் பார்த்தபோதே இது தெரிந்துவிட்டது. அதனால் எதை எடுக்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இங்கே எது கேட்கும் என்று யோசித்தோம்.

நண்பனுக்குக் கழுதுருட்டியில் உள்ள பதிமூன்று கண் பாலத்தில் க்ளைமாக்ஸ் வைக்க ஆசை. பார்க்க அழகான இடம்தான். ஆனால் அது ரயில்வே சொத்து. படம் எடுக்க முன் அனுமதி வேண்டும். வனத்துறைப் பகுதிக்கும் அப்படியே. முதல் படத்துக்கு அனுமதி கேட்டு அலையத் தேவையில்லாத இடம் எதுவோ அதுவே நல்ல லொக்கேஷன் என்பது என் கருத்து. சாவி நம் கையில் இருக்கும். வெளிச்சம் சரியில்லையென்றால் நாளைக்கு எடுக்கலாம். ஆச்சி வீடு அப்படி அமைந்தது. ஓட்டு வீடு. முன்னால் தார்சா என்கிற தாழ்வாரம், உள்ளே பட்டாசல் என்கிற கூடம், பின்னால் அடுப்பங்கரை, நடுவில் வானம் தெரிகிற முற்றம்.

கதை வந்தது ஒரு நோட்டிலிருந்து. ஆச்சி வீட்டில் ஒரு நாள் பூராவும் உட்கார்ந்து, என்ன சத்தம் எப்போது கேட்கிறது என்று மணியோடு எழுதினோம். கோயில் மணி, பால்காரர் பைக், செக்போஸ்ட்டில் நின்று கிளம்புகிற லாரிகள் கியர் மாற்றுவது, பள்ளிக்கூட மணி, மயில், பகவதிபுரம் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் ஹாரன். எழுத எழுத ஒன்று புரிந்தது. ஆச்சி கடிகாரத்தைப் பார்ப்பதே இல்லை. "ஏட்டி, வண்டி போயிட்டு, உலையை வை" என்று தங்கச்சியிடம் சொல்கிறார். பட்டாசலில் தொங்கும் கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்று எத்தனை காலமோ. ஒன்லைன், அதாவது ஒரு வரிக் கதை, அங்கேயே கிடைத்துவிட்டது: கடிகாரம் நின்றுபோன வீட்டில் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லும் ஆச்சி, ரயில் தாமதமான ஒருநாள் நேரத்தைத் தவறவிடுகிறார், பேத்தி புதுப் பேட்டரி வாங்கி வந்து, ஆச்சி காதை வைத்தே முள்ளைத் திருப்பி வைக்கிறாள்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வசதி உண்டு. படத்தில் கடிகாரம் காட்டினால், ஷாட்டுக்கு ஷாட் முள் மாறாமல் பார்த்துக்கொள்வது பெரிய தொல்லை. எங்கள் கடிகாரம் கதைப்படியே நின்றுவிட்டது. கடைசிக் காட்சி வரைக்கும் எந்த ஷாட்டில் காட்டினாலும் இரண்டு பத்துதான். டிக் டிக் சத்தம் வசனத்தில் விழும் என்ற கவலையும் இல்லை.

ஸ்கிரிப்ட் ஆறு பக்கம் வந்தது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று சினிமாக்காரர்கள் போடுகிற கணக்கு எங்களுக்கும் ஏறக்குறையச் சரியாக இருந்தது. ஆனால் நான் எழுதிய வசனம் ஆச்சி வாயில் ஒட்டவில்லை. ஆச்சி பிறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் இந்தப் பக்கம் சேர்ந்தது. அவர் பேச்சில் மலையாளம் தானாக வந்து விழும். எழுதியதை ஒப்பிக்கச் சொன்னால் குரல் விறைத்துவிடுகிறது. அதனால் சூழ்நிலையை மட்டும் சொல்லி, "இப்படி நடந்தா என்ன சொல்லுவிய ஆச்சி?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி வைத்தோம். நடிக்காதவர்களை நடிக்க வைக்கக் கைக்கு ஒரு வேலை கொடுப்பதுபோல நல்ல வழி இல்லை. ஆச்சிக்குப் புளி கொடுத்தோம். அரிவாள்மனையில் புளியைக் கீறி, கட்டைவிரலால் கொட்டையைத் தள்ளிவிட்டு, நாரை உருவி ஒதுக்குகிற வேலை. கை அதில் போய்விட்டால் அவர் கேமரா பக்கம் திரும்புவதே இல்லை. பேச்சும் தானாக வந்தது.

அந்தக் கொட்டை எதில் விழவேண்டும் என்பதற்கே ஒரு காலைப் பொழுது போனது. பிளாஸ்டிக் பேசினில் 'டொக்' என்று செத்த சத்தம். பித்தளைத் தாம்பாளத்தில் விழும்போது இனிமையாக இருக்கிறது, ஆனால் கணீரென்று எழும்பி வசனத்தை மறைக்கிறது. சுளகில், அதாவது முறத்தில், விழுந்தால் சன்னமாகச் சரசரவென்று ஓடி நிற்கிறது. சுளகையே வைத்துக்கொண்டோம். படத்தில் யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஆச்சி பேச்சை நிறுத்துகிற இடங்களில் அந்தச் சரசரப்புதான் காட்சியைத் தூக்கிப் பிடிக்கிறது.

போன் செட்டிங் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் கேமரா ஆப்பில் எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டி வைக்கலாம்; பூட்டாவிட்டால் ஆள் அசைகிறபோதெல்லாம் வெளிச்சம் ஏறி இறங்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ட்யூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் திரையில் பட்டை ஓடாது. வெயிலில் 1/50 வைத்தால் எல்லாம் வெளுத்துவிடும், போன் லென்ஸின் துவாரத்தைச் சுருக்கவும் வழியில்லை. அதற்கு வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் வேண்டும். எங்களிடம் இல்லாததால் வெயிலுக்குள் போகாமல் தார்சா நிழலிலும் முற்றத்து ஓரத்திலும் மட்டுமே எடுத்தோம். முகத்தின் இருண்ட பக்கத்துக்குத் தெர்மாகோல் அட்டை பிடித்தோம். பெரிய படப்பிடிப்புகளிலும் இதே தெர்மாகோலைப் பிடிப்பதைப் பார்க்கலாம். 4கே வேண்டாம் என்று ஃபுல் எச்டியில் எடுத்தோம், ஸ்டோரேஜும் லேப்டாப்பும் தாங்கவேண்டுமே. போனை ஏரோப்ளேன் மோடில் போடுவது கட்டாயம். எடுத்ததை வாட்ஸப்பில் அனுப்பாமல் கேபிள் போட்டு மாற்ற வேண்டும், வாட்ஸப் தரத்தைச் சுருக்கிவிடும்.

ஷாட் பிரிக்கும்போது ஒரு விதியை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டோம். ஆச்சிக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில்தான் நிற்கவேண்டும். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்த்துப் பேசுவது மாதிரித் தெரியும். சுண்ணாம்புக் கட்டியால் தரையிலேயே கோடு போட்டோம்; ஃப்ரேமில் தெரிகிற இடத்தில் மட்டும் அழித்துவிட்டோம்.

இனி சத்தம். வாங்கிய ஒரே பொருள் காலரில் குத்துகிற வயர் மைக், போயா பிஒய்-எம்1. வயர் 6 மீட்டர் நீளம், எல்ஆர்44 பொத்தான் பேட்டரியில் ஓடும். அதைப் படம் எடுக்கிற போனில் செருகவில்லை. இரண்டாவது போனில் செருகி, ரெக்கார்டர் ஆப்பில் தரம் சுருங்காத வேவ் ஃபைலாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தோம். ஆச்சிக்கு மைக்கைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து, வயரை முதுகு வழியாக இறக்கி, அந்தப் போனை அவர் உட்கார்ந்த பாய்க்குப் பின்னால் வைத்தோம். ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால் கேமரா முன் ஒரு கைதட்டல். எடிட்டிங்கில் கை சேர்கிற ஃப்ரேமையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாக வைத்தால் இரண்டு பதிவும் பொருந்திவிடும்.

காலரில் குத்துகிற மைக்தான் வேண்டுமென்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. பேசுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேராக வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் எதிரொலி அப்படிக் குறையாது. தூரத்தில் வைத்த விலை உயர்ந்த மைக்கை விட, வாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கிற சாதாரண மைக் எவ்வளவோ தேவலை.

காற்றுக்கு மாமா மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். மைக்கோடு வருகிற பஞ்சு உறை புளியரைக் காற்றுக்குப் போதாது. தங்கச்சியின் பழைய கரடி பொம்மையிலிருந்து ஒரு துண்டு ரோமத்துணியை வெட்டி, ரோமம் வெளிப்பக்கம் இருக்கும்படி சின்னத் தொப்பியாகத் தைத்து, பஞ்சு உறைக்கு மேல் மாட்டினோம். ரோமம் காற்றின் வேகத்தை மைக்கைத் தொடுமுன் உடைத்துவிடுகிறது, குரலை விட்டுவிடுகிறது. துணி நெருக்கமாக நெய்ததாக இருந்தால் குரல் மந்தமாகிவிடும். ஊதிப் பார்த்தால் மூச்சு அந்தப் பக்கம் வரவேண்டும். தொப்பி மாட்டியும் மாட்டாமலும் தார்சாவில் ஒரே வசனத்தைப் பதிந்து கேட்டபோது, எங்களுக்கே நம்பிக்கை வந்தது. இருந்தாலும் பலத்த காற்றில் அதுவும் திணறும். வசனக் காட்சிகளைக் காற்று அடங்கியிருக்கும் விடிகாலையில் வைத்துக்கொண்டோம். வசனம் இல்லாதவற்றை மத்தியானத்தில் எடுத்தோம்.

வீட்டுக்குள்ளே வேறு எதிரிகள். ஃபேன், பக்கத்து வீட்டு மிக்ஸி, ஃபிரிட்ஜ். ஃபிரிட்ஜ் ஓடுவது நம் காதுக்குப் பழகிவிடும், மைக்குக்குப் பழகாது. அணைத்துவிட்டு மறந்தால் மாவு புளித்துவிடும். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் கிளம்பும்போது ஞாபகம் வந்துதானே ஆகவேண்டும். பக்கத்து வீட்டு அத்தையிடம் எங்கள் நேரத்தைச் சொல்லிவிட்டோம், அவர் சட்னியை முன்னாலேயே அரைத்துவிடுவார். பட்டாசலில் எதிரொலியைக் குறைக்க, கேமராவுக்குப் பின்னால் கொடி கட்டிக் கம்பளியும் ஜமுக்காளமும் தொங்கவிட்டோம்.

ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் மூச்சுக் காட்டாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் சத்தத்தைப் பதிந்து வைத்தோம். எந்த அறையும் முழு அமைதியாக இருப்பதில்லை. வசனத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் வெற்றிடம் விட்டால் காதில் குழி விழுந்த மாதிரித் தெரியும். அங்கே அந்த அறையின் சத்தத்தையே நிரப்ப வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரைச்சலைக் குறைக்கும்போதும் இந்தப் பதிவுதான் மாதிரியாகப் பயன்படும். குறைப்பதைக் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும், கூட்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும்.

ரயில்தான் படத்தின் உயிர். செங்கோட்டை வழியாக 1904இல் வந்த பாதை இது. அகலப் பாதையாக்க 2010இல் மலைப்பகுதியில் வண்டியை நிறுத்தி, 2018இல் மறுபடி விட்டார்கள். வண்டி இல்லாத அந்த வருஷங்களில் வீடே ஊமையாகிப்போனதாக ஆச்சி சொன்னார். அதைப் படத்தில் ஒரு வசனமாக வைத்துக்கொண்டோம். தண்டவாளத்துப் பக்கம் போகாமல், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரின் மறைவில் மைக்கை வைத்து, ராத்திரியும் விடிகாலையும் பதிந்தோம். ரெக்கார்டரில் பதிவு அளவைத் தானாக ஏற்றி இறக்குகிற ஆட்டோ கெயினை அணைப்பது முக்கியம். அணைக்காவிட்டால் அமைதியான நேரத்தில் அது இரைச்சலைத் தூக்கிவிட்டு, ஹாரன் வந்ததும் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உச்சத்தில்கூட மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவைக் கையால் வைத்தோம்.

பதிந்தவற்றை ஆச்சிக்குப் போட்டுக் காட்டினோம். ஒவ்வொன்றையும் கேட்டு, இது ஏறுகிற வண்டி, இது இறங்குகிற வண்டி என்று பிரித்துக் கொடுத்தார். ஆரியங்காவுக்கு ஏறும்போது முன்னால் ஓர் இன்ஜின், பின்னாலிருந்து தள்ள இன்னொன்று. இரண்டும் மாறி மாறி ஹாரன் கொடுக்கும், சத்தம் நெடுநேரம் இழுத்துக்கொண்டு போகும். இறங்கும்போது பிரேக் பிடிக்கிற கிறீச்சிடல். எங்களுக்கு எல்லாமே ரயிலாகத்தான் கேட்டது. அவர் சொன்ன பிறகு கேட்டால் வித்தியாசம் தெளிவாக விளங்கியது. ஃபைல்களை 'ஏற்றம்', 'இறக்கம்' என்று இரண்டு ஃபோல்டராகப் பிரித்தோம். கதையில் தாமதமாகும் வண்டி ஏற்ற வண்டி என்று அன்றைக்குத்தான் முடிவானது, நீண்ட சத்தம் ஒரு காட்சி முழுக்கத் தாங்கும் என்பதால்.

கடைசிக் காட்சியில் ஓடத் தொடங்கும் கடிகாரத்தின் டிக் டிக்கைப் படப்பிடிப்பில் எடுக்கவே முடியாது. கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, சேலை அடுக்கிய பீரோவுக்குள் மைக்கோடு வைத்துக் கதவைச் சாத்திப் பதிந்தோம். துணி எதிரொலியை விழுங்கிவிடுகிறது. வீட்டிலேயே கிடைத்த ஸ்டுடியோ அதுதான்.

எடிட்டிங் கேடென்லைவ் என்ற மென்பொருளில். இலவசம், பழைய லேப்டாப்பிலும் ப்ராக்ஸி போட்டால் ஓடும். ப்ராக்ஸி என்றால் எடிட் செய்ய மட்டும் சின்ன நகல். கடைசியில் அசல் ஃபைலிலிருந்தே படம் வெளிவரும். போன் வீடியோவில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது, சீராக இருக்காது, நீளமான ஷாட்டில் தனியாகப் பதிந்த குரல் மெல்ல விலகும். முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொந்தரவு இல்லை. முதல் கட் ஒன்பது நிமிடம் இருந்தது. திரையை அணைத்துவிட்டு வெறும் சத்தமாகக் கேட்டோம். கதை கேட்காத இடங்களைக் குறித்துக்கொண்டு வெட்டினோம். தங்கச்சி தெருவில் நடக்கிற அழகான ஷாட் ஒன்று அதில் போனது, அவளுக்கு இன்னும் வருத்தம். சில இடங்களில் அடுத்த காட்சியின் சத்தத்தைப் படத்துக்கு முன்னாலேயே கொண்டுவந்தோம். ஆச்சி நிமிர்ந்து பார்ப்பார், ஹாரன் லேசாகத் தொடங்கும், அப்புறம்தான் வெளியே மலை தெரியும். பின்னணி இசை வைக்கவில்லை. சினிமாப் பாட்டைப் போட்டால் காப்புரிமைப் பிரச்சினை, அதோடு இந்தப் படத்துக்கு இசை தேவைப்படவும் இல்லை.

இந்த வேலை நடுவில்தான் எனக்கு ரசூல் பூக்குட்டியைப் பற்றித் தெரிந்தது. 2009இல் ஒலிக்கலவைக்காக ஆஸ்கர் வாங்கியவர். படப்பிடிப்பிலேயே குரலைப் பதிகிற சிங்க் சவுண்டுக்காகத் தொடர்ந்து பேசுகிறவர். அவர் பிறந்தது எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், அஞ்சலுக்கு அருகில் விளக்குப்பாறை. பஸ்ஸில் போய்விடலாம். புனே திரைப்படக் கல்லூரியில் படித்திருக்கிறார். நம் பக்கம் தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒலிப்பதிவுக்கென்றே தனிப்படிப்பு இருக்கிறது. டைரக்‌ஷன், கேமரா என்று மட்டும் கேள்விப்பட்டிருந்த எங்களுக்கு இது ஒரு வாசல். மாமா மகன் இப்போது அதற்குத்தான் விண்ணப்பிக்கப்போகிறான்.

படத்தை ஆச்சி வீட்டுச் சுவரில் வேட்டி கட்டிப் போட்டோம். கல்யாண வீடியோ அண்ணன் புரொஜெக்டர் கொண்டு வந்தார். ஆரியங்காவிலிருந்து வந்த அத்தை குடும்பத்துக்காக மலையாளத்தில் சப்டைட்டில் போட்டிருந்தோம், எழுதிக் கொடுத்ததும் அத்தைதான். ஸ்பீக்கர் விஷயத்தில் ஒரு குறிப்பு: ஹெட்போனில் நன்றாகக் கேட்ட சுளகுச் சத்தம் சின்ன ஸ்பீக்கரில் காணாமல் போனது. மறுநாள் அதைக் கொஞ்சம் ஏற்றி, போன் ஸ்பீக்கரிலும் டிவியிலும் போட்டுக் கேட்ட பிறகே கடைசி ஃபைலை எடுத்தோம்.

அடுத்த படம் அத்தை வீட்டில், ஓணம் லீவில். இரண்டு பேர் பேசிக்கொண்டே இருக்கிற கதை, பாதி தமிழ் பாதி மலையாளம். அதற்கு இன்னொரு காலர் மைக் வேண்டும், காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ரோமத்தொப்பி இரண்டாவது தைத்து முடித்தாகிவிட்டது.